குச்சிக் கணக்கு!

‘ஏழெட்டு எவ்வளவு?’னு திடீர்னு கேட்டா, இன்ஜினீயரிங் மேத்ஸ் பேப்பரையே க்ளியர் பண்ணின நாமகூட ஒரு செகண்ட் விட்டத்தைப் பார்ப்போம். மூணாங்கிளாஸ் பொடுசு என்ன செய்யும்? ஏழாம் வாய்ப்பாட்டை முதல்ல இருந்து ஒப்பிக்கும். நடுவுல மறந்தா முழிக்கும். கணக்குன்னாலே பயம் ஒட்டிக்கிறது அங்கேதான் பாஸ்!

எங்க ஊர் கோவில்பட்டி. கரிசல் மண், மழை கம்மி, தீப்பெட்டி ஆபீஸ் ஜாஸ்தி. அதனால குச்சியை வெச்சே பெருக்கலைப் பார்த்துடலாம், வாங்க.

தரையில 7 வரிசை, வரிசைக்கு 8 குச்சி அடுக்குங்க. எதிர்ல நின்னு பார்த்தா 7×8. பக்கவாட்டுல போய் நின்னா அதுவே 8×7. குச்சி என்னவோ அதே 56தான். பரிமாற்றுப் பண்புன்னு புஸ்தகம் மிரட்டுறது இதைத்தான். இதனால லாபம்? 2-லருந்து 9 வரைக்கும் உள்ள 64 பெருக்கல்ல 36 தெரிஞ்சாப் போதும். மிச்சம் 28-ம் திருப்பிப் போட்டதுதான்!

56 மறந்துபோச்சா? எட்டை அஞ்சும் மூணுமா உடைங்க. 7×5=35, 7×3=21. கூட்டினா வந்துடுச்சு. இது பங்கீட்டுப் பண்பு.

ஒரு பண்டல்ல 600 தீப்பெட்டி. பெட்டிக்கு 50 குச்சின்னா, 2 பண்டல்ல எத்தனை? 2×600×50. பேப்பர் தேடாதீங்க. 2-ஐயும் 50-ஐயும் முதல்ல ஜோடி சேருங்க, 100. அதை 600-ஆல பெருக்கினா 60,000. எதை முதல்ல பெருக்கினாலும் விடை மாறாது. இடம் மாத்த பரிமாற்றுப் பண்பு, ஜோடி சேர்க்க சேர்ப்புப் பண்பு.

2021 டிசம்பர்ல தீப்பெட்டி விலை 1 ரூபாய்லருந்து 2 ரூபாய் ஆச்சு. குச்சியும் 36-லருந்து 50 ஆச்சு. ‘அட, 14 எக்ஸ்ட்ரா!’னு குஷியாகாதீங்க. ரூபாய்க்கு 36 கிடைச்ச இடத்துல அதுக்கப்புறம் கிடைச்சது 25தான். பெருக்கல் தெரியாட்டி இது கண்ணுல படாது.

இதே கரிசல் பூமியில, ஒரு காலத்துல ஸ்கூலுக்குப் போகவேண்டிய பிள்ளைங்க தீப்பெட்டி வேலைக்குப் போனாங்க. எவ்வளவு செஞ்சாங்களோ அவ்வளவு கூலி. அந்தக் கூலி சரிதானான்னு பெருக்கிப் பார்க்கத்தான் அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. 1986-ல சட்டம் வந்துச்சு. 1996-ல சிவகாசி வழக்குல, அந்தப் பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அப்படிக் கிடைச்ச கிளாஸ் ரூமை, வாய்ப்பாட்டுப் பயத்துல ஒரு பிள்ளை வெறுத்துடக் கூடாது இல்லையா?

லீவுக்கு ஊருக்குப் போறப்போ, வாய்ப்பாட்டோட மல்லுக்கட்டுற பொடுசு கண்ணுல பட்டா, 56 குச்சியைக் கையில கொடுத்து அடுக்கச் சொல்லுங்க. மருந்து வைக்காத குச்சியா பார்த்துக் கொடுங்க பாஸ், பத்த வேண்டியது மூளை மட்டும்தான்!