கல் பட்ட இடம்

கல்லின்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. விரிந்த கண்ணாடியின்மேல்தான் வருகிறது. "இக்காலத்துக் கார்களின் முன்கண்ணாடி என்ன கண்ணாடி! மிளகளவு கல் பட்டாலே கீறி விடுகிறதே!" என்று நானும் பலமுறை பழித்திருக்கிறேன். அந்தப் பழிச்சொல்லை நான் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த ஊர் காஹாங். குலைகளைச் சுமந்த லோரிகள் தோட்டத்து மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும்போது, இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் சரளைக் கற்களையும் கவ்விக்கொண்டு வருகின்றன. வேகம் கூடியதும் அக்கல் கவண்கல்லாகிறது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். சாலையில் மறந்து விடுகிறோம்.

சென்ற ஆண்டு, குளுவாங்கில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்புகையில், என் காரின் கண்ணாடியில் 'டக்'கென்று ஓர் ஒலி கேட்டது. இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன், வழவழப்பாகவே இருந்தது. "பார்வையை மறைக்கவில்லையே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். அந்தப் 'பிறகு' மூன்று வாரம் நீண்டது.

ஒரு நாள் பிற்பகல். காலையிலிருந்து வெயிலில் கொதித்து நின்ற காரின்மீது திடீரென்று மழை கொட்டியது. வேலை முடிந்து காரில் ஏறி அமர்ந்தபோது, என் கண்ணெதிரிலேயே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, ஓசையின்றி ஊர்ந்து, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

குளுவாங்கில் கண்ணாடி மாற்றும் பட்டறையில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை செய்கிறான்.

"கல் பட்டது என்றைக்கு, ஐயா?"

"மூன்று வாரமாகிறது."

"அன்றைக்கே வந்திருந்தால் பசை ஏற்றி நிறுத்தியிருப்பேனே!"

நான் கண்ணாடியின் தரத்தைக் குறை கூறினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த பழைய கண்ணாடியின் விளிம்பைக் காட்டினான். அது ஒரு கண்ணாடியன்று. இரண்டு மெல்லிய தகடுகள். அவற்றை ஒட்டிப் பிடித்திருந்தது நடுவிலிருந்த ஒளிபுகும் நெகிழி ஏடு.

அதைக் கண்டதும் என் தந்தையாரின் நினைவு வந்தது. 1970களின் இறுதியில் அவர் தோட்டத்து லோரி ஓட்டினார். ஒரு நாள் மாலை, சட்டையெல்லாம் கண்ணாடி மணிகளோடு வீடு வந்து சேர்ந்தார். கல் பட்ட நொடியில் முன்கண்ணாடி முழுவதும் பனி படர்ந்தாற்போல் வெளுத்து விட்டதாம். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குத்தித் துளையிட்டு, அத்துளை வழியே பாதையைப் பார்த்து ஓட்டி வந்தாராம். அம்மா விளக்கடியில் அமர்ந்து அவர் சட்டைப் பையிலிருந்து மணிகளைப் பொறுக்கியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அது சூடேற்றி விரைந்து குளிர்விக்கப்பட்ட கடினக் கண்ணாடி. அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், சிறு அடிகளைத் தாங்கும். தாங்காதபோது முழுவதும் ஒரே நொடியில் நொறுங்கும். இன்றும் பல கார்களின் பக்கக் கண்ணாடிகள் அவ்வகையே. முன்கண்ணாடியின் தகடுகளோ அவ்வாறு கடினமாக்கப்படாதவை. அதனால் எளிதில் கீறுகின்றன. அதனாலேயே கீறல் பட்ட இடத்தோடு நிற்கவும், எஞ்சிய பரப்பின் வழியே நாம் பாதையைக் காணவும் முடிகிறது. உடைந்தாலும் இடையேடு சில்லுகளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நான் குறையென்று பழித்தது, என் கண்களைக் காப்பதற்காகவே அமைந்த குணம்.

இவ்வகைக் கண்ணாடிக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸ். கீழே விழுந்த குடுவையொன்று விரிந்தும் சிதறாமல் இருந்ததைக் கண்டு அவர் வியந்தாராம். உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் உலர்ந்து ஏடாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அப்படியாயின் புள்ளி கோடானது எதனால்? கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. நுண்ணிய கீறலின் முனையில் இழுவிசை பன்மடங்காகக் குவிகிறது என்பதை 1921ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வுரையில் விளக்கினார் ஆங்கிலப் பொறியியலறிஞர் கிரிஃபித். வெயிலில் காய்ந்த கண்ணாடியின்மேல் மழை விழுந்ததும் வெளிப்பரப்பு சுருங்க முயல்கிறது. கீறலின் வாய் இழுபடுகிறது. உட்புகுந்த ஈரமும் முனையிலுள்ள பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. கல் தொடங்கியதை என் வெயிலும் மழையும் மூன்று வாரமும் முடித்து வைத்தன.

நாணயமளவு புள்ளியாயின், காற்றை உறிஞ்சிப் பசையைச் செலுத்தி, புற ஊதா ஒளியால் இறுகச் செய்துவிடலாம். நீண்ட கோட்டுக்கு அம்மருந்து இல்லை. கண்ணாடிக்கான தனிக் காப்புறுதியையும் சிக்கனம் கருதி நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், இழப்பீடு கோரினாலும் ஆண்டுத் தள்ளுபடி குறைந்திராது. தொள்ளாயிரம் வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் என்னை வாட்டியது அந்த வெள்ளியன்று. ஏறத்தாழ அதே மூன்று வாரங்களுக்கு முன், காலைச் சபையில், தாமதமாக வந்த நான்காம் ஆண்டு மாணவனொருவனை அனைவர் முன்னிலையிலும், "சோம்பேறி" என்று கடிந்திருந்தேன். "அவன் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை, ஐயா" என்று வகுப்பாசிரியை இருமுறை சொன்னார். இருமுறையும் நான் சொன்ன விடை, "பிறகு பார்க்கலாம்."

மறுநாள் அவனை அறைக்கு அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டேன். விடியுமுன்னே தாயார் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார். தங்கையைக் குளிப்பாட்டி உடுத்தி அழைத்து வருபவன் அவன். இதைக் கேட்க எனக்கு ஐந்து நிமிடந்தான் ஆயிற்று. "நான் சொன்னது தவறு, தம்பி" என்றேன். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அடுத்த திங்கட்கிழமைச் சபையில் அச்சொல்லை எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெற்றேன். புதுக் கண்ணாடி ஒரே நாளில் பொருத்தப்பட்டுவிட்டது. அவன் வகுப்பில் மீண்டும் கையுயர்த்த இரண்டு மாதங்கள் ஆயின.