தீவில் நம்மவர்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், நம் புதுவைப் பங்குகளில் வேளாங்கண்ணிப் பயணத்திற்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடும். அன்னையைத் தரிசித்தபின் கடற்கரைச் சாலையிலேயே தொண்டி வழியாக இராமேசுவரம் தீவு வரை சென்று வரும் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலோர் இதற்கென வாடகை வேன் அமர்த்துகின்றனர். முதியோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர்க்கு அது வசதியானதே. ஆயினும், இருக்கைக்கு இவ்வளவு என்று பணம் பிரிக்கும்போது, அதைத் தர இயலாத விதவைத் தாயும் கூலித் தொழிலாளியும் ஓசையின்றி ஒதுங்கிக்கொள்கின்றனரே, அதுதான் நெஞ்சை உறுத்துகின்றது.

குறைந்த செலவில் செல்லவும் வழியுண்டு. புதுவையிலிருந்து பேருந்தில் விழுப்புரம் சென்றால், அங்கே இராமேசுவரம் செல்லும் இரயில் கிடைக்கும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. அதன் அருகில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வரும் வேளையில், அதன் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுந்து வழிவிடும். சாலைப் பாலம் 1988-இலேயே வந்துவிட்டது.

தீவினுள் சுற்றிவர அரசுப் பேருந்துகளே போதும். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஆகிய ஊர்கள் ஒரே சாலையில் அமைந்துள்ளன. கிழக்கே தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பயணிகள் இரயில் ஒன்றையே கடல் விழுங்கிய இடம் அது. முன்னர் மணலில் ஜீப்பும் வேனும் ஊர்ந்த அவ்வழியில், 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை உண்டு. இடிந்து நிற்கும் நம் கத்தோலிக்கக் கோவிலின் சுவர்களை அங்கே காணலாம்.

வேனில் செல்வோர் இச்சுவர்களைப் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். கத்தோலிக்க மீனவர் பெருந்தொகையாக வாழும் தங்கச்சிமடம், கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடுகின்றது. இடிந்த கோவிலைக் கண்டோம். உயிருள்ள திருச்சபையைக் கண்டோமா?

ஒருமுறை இராமேசுவரத்திலிருந்து தங்கச்சிமடத்திற்குப் பேருந்தில் சென்றேன். மீன் கூடையுடன் அருகே நின்ற ஒரு தாய், என் வெள்ளை அங்கியைக் கண்டு மெல்லப் பேசினார். "மூணு மாசமாச்சு சாமி, எம்புள்ளைய அக்கரைச் செயில்ல வச்சிருக்காக. பூசையில நெனச்சுக்கிடுங்க." எல்லை தாண்டி மீன் பிடித்தார் என்பது அந்த இளைஞர் மீதான வழக்கு. அவர் இறங்கும்வரை நாங்கள் பேசிக்கொண்டு சென்றோம். மறுநாள் திருப்பலியில் அம்மகனின் பெயரைச் சொல்லி மன்றாடினேன். மூடிய வாகனத்தில் சென்றிருந்தால் அப்பெயர் என் செவிக்கு எட்டியிராது.

புனித சின்னப்பரும் கைதியாகவே ஒரு தீவில் கரையேறினார். கப்பல் உடைந்து, நனைந்து நடுங்கிய 276 பேரையும் மால்ட்டாத் தீவினர் நெருப்பு மூட்டி வரவேற்றனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. கைதியென்றோ அயலானென்றோ அவர்கள் ஒதுக்கவில்லை. அதே மால்ட்டாவில், 2022 அக்டோபர் முதல், பயண அட்டை பெற்ற உள்நாட்டு மக்களுக்குப் பேருந்துக் கட்டணமே இல்லை. நம் தமிழகத்திலும் 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் ஏற்படுத்தப்பட்டது. ஏழையும் உடன் வர இயலும் பயணமே திருப்பயணம்.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, இயன்றவர்கள் இரயிலிலும் பேருந்திலும் செல்லுங்கள். வேன் அமர்த்தியே ஆகவேண்டுமெனில், இரண்டு இருக்கைகளைப் பணம் தர இயலாதவர்க்கென ஒதுக்குங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களே சென்று அழையுங்கள். தீவிற்குச் சென்றதும், மீனவர் கோவிலில் அவர்களுடன் ஒரு திருப்பலி காணுங்கள். அக்கரையில் அடைபட்டிருக்கும் மக்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள், அங்கே உங்கள் அருகில் முழந்தாளிட்டிருப்பார்கள்.