பையில என்ன?

2025 மார்ச் மாசம், ஒரு விடியக்காலை நாலே முக்கால் மணி. ஜம்பட்டா வீதி முனையில என் தம்பியை மறிச்சிருக்கிறாங்க. முதுகில பழைய ஸ்கூல் பை. பைக்குள்ள 12 கிலோ மண்.

"பையில என்ன?"

"மண், சேர்."

"மண்ணா?"

வீட்டுக்கு வந்து அவன் இதை நடிச்சுக் காட்டினப்போ நான் வயிறு நோகச் சிரிச்சேன். அம்மா சிரிக்கல. அடுப்பை நிப்பாட்டிட்டு அப்படியே நின்டாங்க.

அந்த நாட்களை ஞாபகம் இருக்கும்தானே. பெப்ரவரி 19 ஆம் திகதி அலுத்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டத்தரணி வேஷத்தில வந்த ஒருத்தன் சுட்டான். ஜிந்துப்பிட்டியில இருந்து அது நடந்து போற தூரம். அதுக்குப் பிறகு எங்க பக்கம் சந்திக்குச் சந்தி சோதனை. படைகளை விட்டுத் தப்பியோடினவங்களைப் பிடிக்கச் சொல்லி பாதுகாப்பு அமைச்சு உத்தரவு போட்டிருந்தது. இந்த நேரத்திலதான் எங்க வீட்டுப் பிள்ளை, ஒரு தமிழ்ப் பெடியன், இருட்டில பாரமான பையோட ஓடிக்கொண்டிருக்கிறான். அது பிழையாகத் தெரியும் என்று அவனுக்குத் தோணவே இல்லை. அவனுக்கு 19 வயசு. யுத்தம் முடியேக்க அவனுக்கு மூணு.

ஏஎல் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த மாசங்கள் அவை. அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' படைக்கு எப்படி ஆள் எடுக்கிறாங்க என்று போனில பார்க்கத் தொடங்கினான், பிறகு விடவே இல்லை. 500 யார் நீச்சல் பன்னிரண்டரை நிமிஷத்துக்குள்ள. ஒன்றரை மைல் ஓட்டம் பத்தரை நிமிஷத்துக்குள்ள. அது வெறும் நுழைவுப் பரீட்சை. உள்ளே போனால் 'நரக வாரம்' என்று ஒன்று: ஐந்தரை நாள், ஈரமும் குளிரும், அவ்வளவு நாளுக்கும் சேர்த்து நாலு மணித்தியாலம்கூடத் தூக்கம் கிடையாது. ஏலாதவன் முற்றத்தில தொங்குற மணியை மூணு தரம் அடிச்சிட்டுப் போகலாம். பெரும்பாலானவங்க அடிச்சிட்டுத்தான் போறாங்க. தம்பிக்கு அந்த மணியில ஒரு வெறி. காலையில எழும்பப் பஞ்சியா இருந்தா, "மணி அடிக்க மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லுவான். பக்கத்து வீட்டு ஆச்சி இதைக் கேட்டு, கோயில் மணி விஷயம் என்று நினைச்சு என்னட்ட விசாரிச்சாங்க.

படையில சேரப் போறியா என்று கேட்டேன். "இல்ல, சும்மா. ரெடியா இருக்கணும்." எதுக்கு ரெடி என்று கேட்டால் பதில் இல்லை.

அவனோட சண்டை பிடிக்கிறதுக்காகத்தான் நானும் வாசிக்கத் தொடங்கினேன். (கலைப்பீடத்துக்காரிக்கு வேற என்ன ஆயுதம்.) முதல்ல கைல் முல்லன் கதையைக் காட்டினேன். 24 வயசு. 2022 பெப்ரவரியில நரக வாரத்தை முழுசா முடிச்சவர், முடிச்ச சில மணித்தியாலத்தில நியுமோனியாவால இறந்துபோனார். தம்பி வாசிச்சிட்டுச் சொன்னான், "முடிச்சிட்டுத்தானே அக்கா செத்தார்."

அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரல.

பிறகு இன்னொன்று கிடைச்சது. சார்ள்ஸ் மோர்கன் என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு, 2000 இல வெளிவந்தது. எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாங்குறது என்று அமெரிக்க இராணுவம் ஒரு பயிற்சி வைக்குது: பட்டினி, தூக்கமின்மை, பொய் விசாரணை. அதுக்குள்ள போன வீரர்களின் இரத்தத்தை எடுத்து நியூரோபெப்டைட் வை என்ற பொருளை அளந்திருக்கிறாங்க. பதற்ற நேரத்தில மூளையை நிதானமா வைக்க உதவுற பொருள் அது. விசேட படைக்காரருக்கு விசாரணை நேரத்தில அது மற்றவங்களைவிடக் கூடுதலாகச் சுரந்திருக்கு. அதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க. எனக்குப் பிடிபட்டது அடுத்த வரி. 24 மணித்தியாலம் கழிச்சுத் திரும்ப அளந்தா, விசேட படைக்காரருக்கு அது பழைய அளவுக்கே வந்திருந்தது. மற்றவங்களுக்குப் பழைய அளவுக்கும் கீழே போயிருந்தது.

அதாவது, அவங்க மற்றவங்களைவிட விறைப்பா இருந்தாங்க என்கிறது பாதிக் கதைதான். விறைப்பில இருந்து இறங்கியும் வந்தாங்க. தம்பி பார்க்கிற எந்த வீடியோவிலயும் இந்தப் பாதி இல்லை.

எங்கட நாட்டிலயும் இதெல்லாம் இருக்கு. கொமாண்டோக்களுக்கு ஊவா குடாஓயாவிலயும், விசேட படையணிக்கு மாதுறு ஓயாவிலயும் பயிற்சிப் பாடசாலை. நாள்கணக்கா காட்டுக்குள்ள இருக்கவும் சத்தமில்லாம நகரவும் பழக்குறாங்க. அதுக்குப் பெரிய காலமும் காசும் செலவாகுது. ஆனா பழக்கினதை எப்படிக் கழட்டி வைக்கிறது? தப்பியோடினவங்களைப் பாதாளக் கோஷ்டிகள் கூலிக்கு எடுக்குது என்று அரசாங்கமே சொல்லுது. எல்லாரும் அப்படிப் போறதில்லை, பெரும்பான்மை ஆட்கள் வீட்டுக்குப் போய் வாழுறாங்க. அவங்க எப்படி வாழுறாங்க என்று நாங்க யாரும் கேட்கிறதுமில்லை.

அன்றைக்குத் தம்பியை மறிச்சவங்களில வயசான ஒருத்தர் இருந்திருக்கிறார். மாதுறு ஓயாவில பழகினவராம். மண்ணைக் கையால அளைஞ்சு பார்த்துட்டு, பையைத் தூக்கிப் பார்த்துட்டுச் சிரிச்சாராம். "மல்லி, வார் நீளம் கூட. இடுப்பு போயிடும்." வாரைத் தானே இழுத்துக் கட்டிவிட்டிருக்கிறார். பிறகு, "நாள்கணக்கா தூங்காம இருக்க எங்களைப் பழக்கினாங்க. இப்ப வீட்டில படுத்தாலும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். நீ ஏன் சம்பளமில்லாம இதைச் செய்யிறாய்?"

இதைச் சொல்லேக்க மட்டும் தம்பி நடிக்கல.

தமிழில இதைப்பற்றி எழுதிட்டு இன்னொன்றைச் சொல்லாம விட ஏலாது. 1987 ஜூலை 5, நெல்லியடி. அதில இருந்து கரும்புலிகளுக்குக் கொடுத்த மனத் தயாரிப்பில திரும்பி வாறது என்ற பகுதியே இல்லை. அதைப்பற்றி எங்க வீட்டில கதைக்கிறதில்லை. 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டு வெடிச்ச சத்தத்தை அம்மா ஜிந்துப்பிட்டியில நின்றே கேட்டவங்க. பதுளையில இருந்து கொழும்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகல. 2007 ஜூன் 7 ஆம் திகதி லொட்ஜுகளில இருந்த தமிழர் 370 பேருக்கு மேல பஸ்ஸில ஏற்றி கொழும்பை விட்டு அனுப்பினப்போ, கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில அம்மா சமையலுக்கு நின்டாங்க. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனா அவங்க ஏறிப் போனதைப் பார்த்த கண், பார்த்ததுதான்.

அம்மாட கட்டிலுக்குக் கீழே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பை இருக்கு. எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும், கலியாணச் சான்றிதழும், பழைய பொலிஸ் பதிவுத் துண்டும், கொஞ்சம் காசும். இரவு மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றாலே கை முதலில கீழே அந்தப் பைக்குத்தான் போகும். நான் பிறந்ததில இருந்து பார்க்கிறேன். யாரும் பயிற்சி குடுக்கல, யாரும் சான்றிதழும் குடுக்கல.

அன்றைக்குப் பின்னேரம் தம்பி அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தான், சீல்காரர் செய்யிறதாம். நாலு எண்ணி இழு, நாலு எண்ணி அடக்கு, நாலு எண்ணி விடு, நாலு எண்ணி நில்லு. அம்மா ரெண்டு சுற்று செய்து பார்த்துட்டு, "அடக்கிறது எனக்கு வரும். விடுறதுதான் வரல" என்றாங்க. சொல்லிட்டு எழும்பி மண்ணைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் சாடியில கொட்டினாங்க.

தம்பி இன்னும் ஓடுறான். பை இல்லை, அடையாள அட்டை மட்டும் பொக்கட்டில. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வரைக்கும் தூங்குறான். அன்றைக்கும் அம்மா நாலு மணிக்கே எழும்பி, வாசல் கதவைத் திறந்து ஒருக்கா எட்டிப் பார்த்துட்டு, அவன் உள்ளேதான் படுத்திருக்கிறான் என்று ஞாபகம் வந்து திரும்ப வந்து உட்காருவாங்க.