கரடும் தோப்பும்

சேலத்துக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இந்த வட்டாரத்தைக் கணினியில் நிழலிட்ட நிலவரைபடமாக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் முதலில் சேர்வராயன் மலையையும் கொல்லிமலையையும்தான் திரையில் எழுப்பிப் பார்க்கிறார்கள். ஒரே சொடுக்கில் மலை எழுந்து நிற்கிறது. தொழில் கைவந்துவிட்டது என்ற திருப்தியும் வந்துவிடுகிறது. வரைபடத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் எனக்குப் படுவது வேறு. இந்தக் கலைக்கு மலை பாடம்தான், சமவெளிதான் தேர்வு.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரால் பூமியை அளந்தது. அதிலிருந்து வந்த உயரத் தரவு சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளியாக இன்று எவருக்கும் இலவசம். கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களோடு ஒப்பிட்டு, சரிவையும் அது பார்க்கும் திசையையும் கண்டு, வடமேற்கிலிருந்து 45 பாகை உயரத்தில் விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப 0 முதல் 255 வரை ஒரு சாம்பல் நிறம் கொடுக்கிறது. தட்டையான நிலம் ஏறத்தாழ 180 பெறும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் உழவுக் காடு, வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் 182. முதுகு காட்டினால் 178. இந்த நான்கு எண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மழைத்தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும், எந்த வயலில் தேங்கும் என்பதை முடிவுசெய்வது அந்த ஒரு மீட்டர்தான். மலை நிமிர்ந்து நிற்க, மக்கள் உழுது பிழைக்கும் நிலம் வெறும் சாம்பலாகிவிடுகிறது.

உயரத்தை ஐந்து மடங்கு பெருக்கினால் போதுமே என்பார்கள். பெருக்கலாம், அந்த நான்கு எண் பதினெட்டாக விரியும், பள்ளங்களும் ஓடைகளும் எழுந்து வரும். கூடவே தரவின் பிழையும் ஐந்து மடங்காகும். இந்த ரேடார் எல்லா இடத்திலும் மண்ணைத் தொடவில்லை. அடர்ந்த தோப்பில் மரத்தின் தலைப்பகுதியிலிருந்தே திரும்பியது. ஆகவே மோகனூர், பரமத்திவேலூர்ப் பக்கம் காவிரிக்கரையில் ஒரு தென்னந்தோப்பு சிறு மேடாக எழுந்து நிற்கலாம். 2000இல் நின்ற தோப்பை அதன்பின் வெட்டியிருந்தாலும் படத்தில் அந்த மேடு அழியாது. திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நிலமே மேடான கரடு எது, தோப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடந்து போய்ப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு தடையும் எழும்: சேலத்தில் எந்த நாளிலும் சூரியன் 45 பாகை உயரத்தில் நேர் வடமேற்கே நிற்பதில்லை, அப்படியானால் இந்த நிழலே பொய்யல்லவா? பொய்யல்ல, கண்ணின் பழக்கத்துக்கு இணங்கிய ஏற்பாடு. படத்தின் கீழ்ப்புறமிருந்து வெளிச்சம் போட்டால் மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தோன்றும். ஆனால் ஒரே வெளிச்சத்தோடு நிற்கக் கூடாது. நின்றால், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் தென்சரிவு இருளில் மூழ்கும். பல திசை வெளிச்சத்தைக் கலக்க வேண்டும். மலைக்கு ஒரு பெருக்கம், சமவெளிக்கு ஒரு பெருக்கம் என்று பிரித்து நிழலிட வேண்டும். சமஉயரக் கோடு இருக்க நிழல் எதற்கு என்பவர்கள், 1:50,000 டோபோ ஷீட்டை விரித்துப் பார்க்கட்டும். 20 மீட்டருக்கு ஒரு கோடு. இரு கோடுகளுக்கு நடுவே ஏரியும் கரையும் வாய்க்காலுமாக ஓர் ஊரே அடங்கிவிடும்.

நிலத்தை நடந்தே அளந்த காலமும் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணி, ஏறத்தாழ 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி நீண்டது. அந்த ரேகை சேலத்துக்குச் சற்று மேற்கே செல்கிறது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மனிதர்கள் சுமந்தார்கள். அந்தச் சுமையை விண்ணோடம் ஏற்றுக்கொண்டது, நடையை ஏற்றுக்கொள்ளவில்லை. மேட்டாங்காடு, பள்ளம், கரடு, ஓடை என்று இந்த வட்டாரத்து மக்கள் ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் தம்பி, தங்கைகளே, நீங்கள் நிழலிட்ட முதல் படத்தை அச்செடுத்து, அது காட்டும் இடத்துக்கே கொண்டுபோங்கள். அந்தக் காட்டில் வேலை செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் திருத்திய பிறகுதான் அது வரைபடம்.