பழமொழியில் இருக்கிறது யாப்பு

ஏழாம், எட்டாம் வகுப்பில் அணி இலக்கணம் என்றாலே எங்களுக்கு மதிப்பெண் கணக்குதான். உவமை, உவமேயம், உவம உருபு என்று பிரித்து எழுதினால் போதும். பாட்டு ருசித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

ருசிக்க எவ்வளவோ இருந்தது. 'மதிமுகம்' உவமை; 'முகமதி' உருவகம். இரண்டிலும் 'போல' கிடையாது. வரிசையை மாற்றியதும், நிலவைப் போன்ற முகம் நிலவாகவே ஆகிவிடுகிறது!

செய்யுளின் கட்டமைப்பான யாப்பு இன்னும் நெருக்கம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதில் இரண்டாம் எழுத்து 'டி' ஒன்றி வருகிறது, அது எதுகை. முதலெழுத்துகளும் அளவில் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆ, தே இரண்டும் நெடில், பொருந்துகிறது. பட்டு, பாட்டு என்றால் பொருந்தாது. இந்த விதியைப் பள்ளியில் படிக்காதவர்களின் வாயிலும் பழமொழி பிசகாமல்தான் வருகிறது. காதுக்குத் தெரிந்ததற்குத்தான் இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது.

அதனால் பிள்ளைகளுக்குப் பழமொழி, விடுகதையில் தொடங்கலாம். பிறகு குறளின் முதலடியில் நான்கு சீரையும் இரண்டாம் அடியில் மூன்று சீரையும் கைதட்டி எண்ணட்டும். குறளின் கடைசிச் சீருக்கான நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகள் எல்லாம் மெதுவாக வரட்டும்.

உங்கள் வீட்டில் புழங்கும் பழமொழி ஒன்றைச் சொல்லுங்கள். எதுகையா, முதலெழுத்து ஒன்றி வரும் மோனையா, பார்த்துவிடலாம்.