கிணற்றில் வந்த கறுப்பு

நெய்வேலி டவுன்ஷிப்பின் மர நிழலில் நடந்து பாருங்கள். இத்தனைக்கும் மூலம் ஒரு கிணறு என்று உங்களுக்குத் தோன்றவே தோன்றாது!

1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். நீர் பொங்கி வந்தது; கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராயிருந்தால் அலம்பிவிட்டுப் போயிருப்பார். அவரோ அரசாங்கத்துக்குத் தெரிவித்தார்.

1943 முதல் 1946 வரை புவியியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் என்பீர்கள். பூமித் தாயின் பானைக்கு அது போதாது. கரி எத்தனை ஆழத்தில், எவ்வளவு கனத்தில், எவ்வளவு ஈரத்தோடு இருக்கிறது என்று இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரந்தான்!

கரியைக் காட்டிக் கொடுத்த தண்ணீரே பிறகு எதிரியாயிற்று. அடியிலிருந்து முட்டும் ஊற்றை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும்.

1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

இன்று மாலை விளக்கைப் போடும்போது, நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊர் பெயர்ந்து போன குடும்பங்களையும் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அடுப்பு எரிந்த இடத்தில்தான் நம் வீட்டு வெளிச்சம் கிடைத்தது.