அப்பாவும் வால்யூம் முப்பதும்

பி.காம். படித்தவனுக்கு ஆம்ப்ளிஃபயரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வரவு, செலவு, இருப்பு பார்க்கத் தெரிந்தவன் சத்தத்துக்கும் கணக்குப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு ஆரணியில். கூடத்தில் குழித்தறி. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டு காலும் மிதியில், இரண்டு கையும் தறியில். சும்மா இருப்பது காது மட்டும்தான். அந்தக் காதுக்குப் பல வருஷமாகத் தீனி போட்டது, உள்ளூர் மெக்கானிக் அசெம்பிள் செய்து கொடுத்த ஒரு ஆம்ப்ளிஃபயர். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். வால்யூம் குமிழைத் தொட்டால் மட்டும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ‘கரகர’.

போன தீபாவளிக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. புத்தம் புது செட் வாங்கினேன். நீல வெளிச்சத்தில் நம்பர், கையடக்க ரிமோட், டிஜிட்டல் வால்யூம். அப்பா குமிழைத் திருப்பினார். அது சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னாடா இது, முட்டே இல்லாம சுத்துது?”

“அதான்பா டிஜிட்டல்” என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

அந்த செட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்ட் போய் வந்தால் பழைய கணக்கை மறந்துவிட்டு வால்யூம் முப்பதில் போய் நிற்கும். அப்பா கேட்பது ஆறில். ஒரு விடியற்காலை அம்மா சுப்ரபாதம் போட, தெருவே எழுந்துவிட்டது. “வீட்டுல விசேஷமா?” என்று எதிர்வீட்டு மாமா துண்டோடு வந்துவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. இன்னொரு நாள் அப்பா தறியில் இருக்கும்போது கரண்ட் போய்ப் பட்டென்று வந்தது. முப்பதில் ஒரு தவில். அப்பா தூக்கிவாரிப்போட்டு அடித்த அடியில் பாவில் நாலு இழை அறுந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைக்க வேண்டும். ஏற்கெனவே கண்புரை ஆரம்பித்திருந்த கண். அப்பா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து செட்டைப் போடுவதையே நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான். வயசாகிவிட்டது, பாட்டில் ஆசை விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். கடைசியில் அம்மாதான் சொன்னாள்: “அந்த நம்பரு அவருக்குத் தெரியலடா. ரிமோட்டுல எந்த பட்டன்னும் தெரியல. உன் மனசு நோகும்னு சொல்லாம இருக்காரு.”

குற்ற உணர்ச்சியோடு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஒரு பழைய குமிழைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குதிரை லாடம் மாதிரி ஒரு கார்பன் தடம். அதன்மேல் சின்ன உலோக விரல் ஒன்று உரசிப்போகிறது. தடம் தேய்ந்தால், தூசி படிந்தால், ‘கரகர’. மலிவான குமிழ் என்றால் சத்தம் குறைவாக வைக்கும்போது இடது ஸ்பீக்கரும் வலதும் சமமாகவும் பேசாது. ஆனால் கரண்ட் போனாலும் வைத்த இடத்தில் நிற்கும்.

“காது கூட்டல் கணக்கு போடாது சார்” என்றார். சத்தம் இரண்டு மடங்கு போலக் கேட்க, பவர் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டுமாம். அதனால்தான் வால்யூமுக்கு ‘லாக்’ வகைக் குமிழ் போடுகிறார்கள். கூட்டு வட்டி! இது என் பாஷை, சட்டென்று புரிந்தது.

“அப்ப டிஜிட்டல் மோசமாண்ணே?”

“யார் சொன்னா? அதுல ரெண்டு ஜாதி இருக்கு.” ஒன்றில் பாட்டின் எண்களையே வகுத்துச் சின்னதாக்குகிறார்கள். சி.டி.யில் 16 பிட், அதாவது 65,536 படிகள். 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் காலி. 24 டெசிபல் குறைத்தால் மிச்சம் 12 பிட், 4,096 படிகள்தான். இப்போது 24, 32 பிட்டில் கணக்குப் போடுவதால் அந்த நஷ்டம் காதுக்குத் தெரியாது. இன்னொரு ஜாதியில் உத்தரவு மட்டும்தான் டிஜிட்டல். சிப்புக்குள் ரெசிஸ்டர் ஏணி ஒன்றில் படி மாறுகிறது, பாட்டு அனலாகாகவே போகிறது. கரகரப்பு கிடையாது, இரண்டு பக்கமும் சமம். “உங்க செட்டுல பாட்டு தப்பில்ல சார், ஞாபக சக்திதான் தப்பு.”

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். டிஜிட்டல் என்றால் ஆமாம், இல்லை இரண்டே பேச்சு என்றேன். அப்பா அண்ணாந்து தறிமேல் இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கின. ஓட்டை இருந்தால் இழை மேலே, இல்லாவிட்டால் கீழே. பிரான்சில் 1804-லேயே வந்த ஏற்பாடு. சின்ன வயசிலிருந்து அதற்குக் கீழேதான் நான் விளையாடியிருக்கிறேன்.

“பூவை அட்டை போட்டுடும்டா. எவ்வளவு அழுத்தி அடிக்கணும்னு கைதான் சொல்லணும். கைக்கு ஒரு முட்டு வேணும்.”

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புதுக் குமிழ். அதையும் பெட்டியில் வைக்காமல், ஷீல்டு ஒயர் இழுத்துத் தறிக்குழி ஓரத்தில், அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் பொருத்தினார். அப்பா மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பட்டு இழையை எடுத்துக் குமிழைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு மேலே வந்தால் அவருடைய ‘ஆறு’. பார்க்கவே வேண்டாம், விரல் போதும்.

இப்போது விடிந்தால் பாட்டு, கூடவே தறி. புது செட் டி.வி.க்குப் போய்விட்டது. ரிமோட் அம்மா கையில். கரண்ட் போய் வந்ததும் “முப்பது! முப்பது!” என்று கத்திக்கொண்டு அதைத் தேடி ஓடுவது மட்டும் என் வேலை. வாங்கியவன்தானே அனுபவிக்க வேண்டும்?